காற்றுச் சொல்லும் செபநாயகம்

செபநாயகத்துக்குக் கண் ஒரே நாளில் போகவில்லை. முதலில் வலப்பக்கத்து ஓரம் போனது. குருநகர் இறங்குதுறைக்கு வள்ளத்தைக் கொண்டுவரும்போது பக்கத்தில் வந்த வள்ளத்தின் விளக்கு அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் இடித்தார். குடித்துவிட்டு வருகிறார் என்று கரையில் கதைத்தார்கள். மனைவி றஜனியும் அப்படித்தான் நினைத்து ஒரு கிழமை முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடிப்போச்சு. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்பம்" என்றார். மிச்சமும் நிற்கவில்லை. நாற்பத்தைந்து வயதில், வெளிச்சம் எது இருட்டு எது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாகிவிட்டது.

வள்ளமும் எஞ்சினும் லெனாட்டுக்குப் போயின. ஒன்பது வருசம் அவரோடு கடலுக்குப் போன ஆள் அவன். றஜனி நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. விடிய ஆறு மணிக்குப் போனால் பின்னேரம் ஐந்துக்குத்தான் வருவாள். விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். செபநாயகம் கதிரையில் இருந்தார். றேடியோ கேட்டார். மூன்று வருசம் அப்படிப் போனது.

மன்னாரில் கட்டிக்கொடுத்த மகள் ஸ்ரெல்லா ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது தன்னுடைய பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா, இது வாசிச்சுச் சொல்லும்" என்றாள். பார்வையற்றோர் சங்கத்திலிருந்து, தானும் பார்வையில்லாத தம்பிராசா மாஸ்ரர் ஐந்து சனிக்கிழமை ஓட்டோ பிடித்து வந்து பழக்கினார். ஒரு விரலால் தடவினால் விரலுக்குக் கீழே இருப்பதைச் சொல்லும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும். நெய்தல் வேலை பழகுகிறவரைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினார். போனுக்குள் இருந்த பெண்குரல் இந்தியத் தமிழ் கதைத்தது. அதற்கு 'இந்தியாக்காரி' என்று பேர் வைத்தார். "இந்தியாக்காரி இண்டைக்குத் தடிமன் பிடிச்சவள் மாதிரிக் கதைக்கிறாள்" என்று சொல்லி, வெகுநாளைக்குப் பிறகு றஜனியைச் சிரிக்க வைத்தார்.

போனில் காற்றுச் சொல்லுகிற பக்கத்தை மாஸ்ரர்தான் காட்டிக்கொடுத்தார். எந்தத் திசையால், எத்தனை நொட் வேகத்தில் என்று மணித்தியாலம் மணித்தியாலமாக அது சொல்லும். மீன் கொண்டுவந்து கொடுக்க வந்த லெனாட் ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"உது என்னண்ணை?"

"காத்து. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் சொல்லுவள்."

"அப்ப இண்டைக்குப் போகலாமோ?"

செபநாயகம் கொஞ்சம் யோசித்தார். "எட்டு மணிக்குப் பிறகு வாடை இறுகும் போலை கிடக்கு. வெளிக்களத்துக்குப் போகாதை. தீவடிக்குள்ளை வலையை விட்டிட்டு வெள்ளெனத் திரும்பு."

அடுத்த நாளும் லெனாட் வந்தான். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வள்ளங்கள் வெளிக்கிட முன்னம், பின்னேரம் மூன்றரை மணிக்கு யாராவது ஒருவர் ஒழுங்கைக்குள் வந்து "அண்ணை, காத்து எப்பிடி?" என்று கேட்பார்கள். செபநாயகம் இரண்டு மணிக்கே முகம் கழுவி, சேட் போட்டு, கதிரையை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு ஆயத்தமாக இருப்பார். இந்தியாக்காரி சொன்ன எண்ணை அப்படியே சொல்லமாட்டார். தன் முப்பது வருசக் கடலையும் அதோடு சேர்த்துக் கலந்துதான் சொல்லுவார். கிழமைக்கு ஒருதரம் சவரம் செய்தவர் ஒன்றைவிட்டொரு நாள் செய்யத் தொடங்கினார். அப்படி மூன்று வருசம்.

இந்த ஐப்பசியில் போன் கோளாறு செய்யத் தொடங்கியது. நாற்பது வீதம் சார்ச் இருக்கிறது என்று சொன்ன கையோடு நின்றுவிடும். காற்றுப் பக்கத்தைத் திறந்தால், பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். சார்ச்சில் போட்டுத் திரும்ப எழுப்ப ஐந்து நிமிசம் ஆகும். வாசலில் நிற்கிறவன் அவசரத்தில் நிற்பான். செபநாயகத்துக்கு உடம்பெல்லாம் வேர்க்கும்.

மாஸ்ரர் முந்தி ஒரு இலக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். அழைப்பதுபோல அதை அடித்தால் போனின் உள்விபரப் பக்கம் திறக்கும். பழைய போன் என்றபடியால் அந்தப் பக்கம் இன்னும் இருந்தது. செபநாயகம் அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தடவினார். "பற்றரி ஹெல்த், குட்" என்றது குரல். ஒரு நாளில் நாலு தரம் கேட்டார். நாலு தரமும் குட். அன்றைக்குப் பின்னேரமும் நாற்பத்திரண்டில் நின்றது.

மாஸ்ரருக்கு அழைத்தார்.

"அண்ணை, அந்தக் 'குட்'டை நம்பாதையுங்கோ" என்றார் அவர். "கொதிக்கேல்லை, கரண்ட் கூடேல்லை எண்டதைத்தான் அது சொல்லுது. பற்றரி எவ்வளவு கொள்ளுது எண்டு அது சொல்லாது. அதைக் கடையிலைதான் அளக்க வேணும்."

றஜனிக்கு லீவு கிடைத்த நாளில் இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனார்கள். கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று. திருத்துகிறவள் பிரசாந்தி என்று ஒரு பெண். குரலில் முப்பது வயது மதிக்கலாம்.

"ஐயா, அளக்கிறதுக்கு ஒரு செயலி போட்டிருக்கிறன். நல்லா இறக்கிப்போட்டு முழுக்க ஏத்தினால்தான் கணக்குச் சரியா வரும். மூண்டு மணித்தியாலம் இருப்பியளோ?"

"இருப்பம் பிள்ளை."

கடையோரம் கிடந்த வாங்கிலில் இருந்தார்கள். றஜனி வாங்கிக்கொடுத்த தேத்தண்ணி கையிலேயே ஆறியது. கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்களின் போன்களெல்லாம் விதம்விதமாகச் சத்தம் போட்டன. மத்தியானம் திரும்பியபிறகு பிரசாந்தி கூப்பிட்டாள்.

"ஐயா, நாலாயிரம் கொள்ள வேண்டிய பற்றரி. இப்ப ஆயிரத்து எழுநூறுதான் ஏறுது. நூறு எண்டு காட்டினாலும் அது பழைய நூறில்லை."

"நாற்பதிலை ஏன் நிக்குது?"

"வேலை கூடக் குடுத்தவுடனை தாங்கேலாமல் விழுது. அது ஏமாத்தேல்லை ஐயா, அதுக்கே தன்ரை அளவு தெரியாது."

இந்த மொடலுக்குப் பற்றரி இஞ்சை இல்லை, கழற்றிப் பார்த்துக் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும், ஒரு கிழமைக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

"ஒரு கிழமையோ? அதுவரைக்கும் பொடியள் காத்துத் தெரியாமல் எப்பிடிப் போவாங்கள்?"

பிரசாந்திக்கு விளங்கவில்லை. றஜனி அவருடைய முழங்கையைப் பிடித்தாள். "குடுத்திட்டு வாங்கோ" என்றாள்.

போன் கடையில் இருக்கிறது என்று லெனாட்டிடம் சொன்னபோது, "அதுக்கென்னண்ணை, நாங்கள் சமாளிப்பம்" என்றான். அடுத்த மூன்று நாளும் ஒருவரும் வரவில்லை. செபநாயகம் இரண்டு மணிக்குச் சேட் போட்டார். மூன்றரைக்கு வெறுமனே இருந்தார். ஒழுங்கைக்குள் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையை நிமிர்த்தினார்.

நாலாம் நாள் காலையில் காற்று அசையவில்லை. மத்தியானமாகியும் ஒரு இலை ஆடவில்லை. வெக்கை உடம்பில் ஈரச் சாக்குப்போல ஒட்டியது. றேடியோவில், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், மீனவர்கள் அவதானமாக இருக்கவும் என்றார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசையால், எத்தனை நொட், ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் றேடியோ யார் கேட்கிறார்கள் என்று நினைத்தார் செபநாயகம். லெனாட் இப்போது எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பான். நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஆறு மணிக்கு நடுக்கடல்.

வெள்ளைப்பிரம்பை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார். கண் போனபிறகு கரைக்குத் தனியாகப் போனதில்லை. மதிலைக் கையால் தடவித் தடவி ஒழுங்கையைக் கடந்தார். றோட்டில் ஒரு மோட்டச்சைக்கிள் பிறேக் அடித்து, ஓட்டி வந்தவன் ஏசிவிட்டுப் போனான். மீன்வாடியின் மணம் வந்ததும் பிரம்பை வீசி வேகமாக நடந்தார். காலில் எங்கேயோ அடிபட்டுத் தோல் உரிந்ததும் தெரியவில்லை.

"லெனாட்! டேய் லெனாட்! போகாதையுங்கோடா!"

எஞ்சின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளங்களை மணலில் இழுத்து ஏற்றுகிற சத்தமும் கயிறு இறுக்குகிற சத்தமும்தான் கேட்டன. கிட்டத்தில் ஒரு குரல் சொன்னது: "ஆறு மணிக்கு முப்பத்தெட்டு நொட், கொண்டல் காத்து." இன்னொருவன், "என்ரை போனிலை நாற்பது காட்டுது. ஏழு மணிக்குத்தான் கூட" என்றான். மூன்றாவது ஆள், "படத்தைப் பெருப்பிச்சுப் பார், உந்தச் சிவப்பு எங்கடை பக்கந்தான் வருது" என்றான்.

செபநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அண்ணை!" லெனாட் ஓடிவந்தான். "ஏன் தனிய வந்தனீங்கள்? காலிலை ரத்தம் வடியுது, பாருங்கோ." பாருங்கோ என்று சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திக் கையைப் பிடித்தான்.

"லெனாட், நீயும் உதிலை பாப்பியோ?"

லெனாட் குனிந்து அவர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான்.

"ஓம் அண்ணை."

"எப்ப துவக்கம்?"

"கனகாலம் அண்ணை. எல்லாரிட்டையும் கிடக்குது."

"நீ முதல்முதல் என்ரை வாசலிலை நிண்டு கேட்ட நாள், அண்டைக்கும் உன்னட்டை இருந்ததோ?"

"வாங்கோ, வீட்டை விடுறன். மழை வரப்போகுது."

மோட்டச்சைக்கிளின் பின்னால் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். லெனாட் அவரைக் கதிரையில் இருத்தி, காலைக் கழுவித் துணி கட்டிவிட்டுப் போனான். அவன் கோபப்படவும் இல்லை, கேலி பண்ணவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் திருப்பி ஏசியாவது ஆறியிருக்கலாம்.

பின்னேரம் றஜனி நனைந்துகொண்டு வந்தாள். கொண்டல் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எது என்று அவள் கேட்கவில்லை. தலையைத் துவட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியும். நான்தான் லெனாட்டிட்டைச் சொன்னனான். ஒருக்கா வந்து கேளடா, மனுசன் கதிரையிலை இருந்து செத்துப்போயிடும் எண்டு. முதல் நாள் அவன் தானாத்தான் கேட்டவன். பிறகுதான் நான் சொன்னனான்."

"மற்றவங்கள்?"

"அவன் கூட்டிக்கொண்டு வந்தவன்."

செபநாயகம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. றஜனியும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை.

பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து போனை எடுத்தார்கள். பிரசாந்தி மன்னிப்புக் கேட்டாள். கொழும்பிலிருந்து வந்த பற்றரி வரும்போதே வீங்கியிருந்ததாம். போட்டால் ஆபத்து என்று திருப்பி அனுப்பிவிட்டாள். "இந்த மொடலுக்கு இனி வாறேல்லை ஐயா. பழைய பற்றரியையே திருப்பிப் பூட்டியிருக்கிறன். சார்ச்சரைக் கழட்டாமல் வைச்சுப் பாவியுங்கோ. அப்பிடியும் எவ்வளவு நாளைக்கு எண்டு சொல்லேலாது." பணம் ஒன்றும் வாங்கமாட்டேன் என்றாள். புதுப் போன் வாங்குகிற கதையை றஜனி எடுத்தபோது, "எனக்கென்னத்துக்கு?" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

கதிரை வாசலிலிருந்து உள்ளே போனது. பிளக் இருந்த சுவரோடு அதைப் போட்டுக்கொண்டு, வயர் எட்டுகிற அளவுக்குள் இருந்தார்.

கடல் அடங்கி வள்ளங்கள் திரும்பவும் போகத் தொடங்கிய மூன்றாம் நாள், மூன்றரை மணிக்கு வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, காத்து எப்பிடி?"

செபநாயகத்துக்கு வாய்வரை வந்தது, உன்ரை போனிலை பாரடா என்று. சொன்னால் அவன் போய்விடுவான். நாளைக்கு வரமாட்டான். நத்தாருக்கு ஒருதரம், செத்தவீட்டுக்கு ஒருதரம் வருவான். இதைவிட்டால் அவன் இந்தப் படலையைத் திறப்பதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் எண்ணெய்க் கானைப் படலையடியில் வைத்துவிட்டு வந்து நிற்கிறான்.

"பொறு, பாக்கிறன்" என்றார்.

அப்படியே தொடர்ந்தது. அவன் கேட்டான், இவர் சொன்னார். முந்திப்போல எங்கே வலை விடவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்றெல்லாம் சொல்வதில்லை. திசையும் எண்ணும் மட்டும். மற்றவர்கள் வருவதை விட்டுவிட்டார்கள்.

மார்கழி தொடங்கிய கிழமையில் ஒருநாள் கரண்ட் நின்றது. மூன்றரைக்கு லெனாட் வந்தபோது போன் எழும்பவில்லை. செபநாயகம் இரண்டு தரம் தட்டினார், பொத்தானை அமத்திப் பிடித்தார். கண்ணாடி சில்லென்று கிடந்தது. வாசலில் அவன் பொறுமையாக நின்றான்.

"வடகிழக்கு, பதினாலு" என்றார் செபநாயகம். அது நேற்றுச் சொன்ன எண்.

"சரி அண்ணை. நான் வாறன்."

படலை சாத்துகிற சத்தம் கேட்டது. செபநாயகம் போனை மடியில் வைத்துக்கொண்டு, கரண்ட் வரட்டும் என்று இருந்தார்.