இரண்டாம் வரிசையில் எங்கள் வீடு

யுத்தம் வருவதற்கு முந்தி அடித்த ஐப்பசிப் புயலில் எங்கள் சேரியில் ஒரு கூரையும் மிஞ்சவில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய குடிசைகள். காற்று பிடுங்கியது போக மிச்சத்தை உடைந்த ஏரி கொண்டுபோனது. ரோட்டோரம் பனையோலைக் கொட்டகை போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் போலக் கிடந்தோம். என் மகள் அங்கேதான் பிறந்தாள். ஈரத் தரை, ஓயாத இருமல். எழுதுவதற்கே எனக்கு அலுப்பாக இருக்கிறது; அதில் குடித்தனம் பண்ணியது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டணத்துச் சீமான் ஒருவர், புயலில் வீடிழந்த கூலிக்காரர்களுக்கு ஓட்டு வீடு கட்டித்தரத் தர்மமாகப் பணம் ஒதுக்கினார். அவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவர் சார்பில் வந்துபோனவர் விழுப்புரத்து மேல்பார்வைக்காரர். ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கி ஜட்கா பிடித்து வருவார். இரண்டு வரிசை கட்டுவதாகப் பேச்சு. முதல் வரிசையில் ஜனங்கள் குடியேறி, அதை இவர் பார்த்துப் பட்டணத்துக்கு எழுதினால்தான் இரண்டாம் வரிசைக்குப் பணம் வரும். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் ஓரகத்திக்கு முதல் வரிசை, எங்களுக்கு இரண்டாவது. எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் மட்டும் தோண்டிக் கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன், பைத்தியக்காரி.

முதல் வரிசைக்குச் சாவி கொடுத்தபோது மார்கழி பிறந்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஒருத்தரும் குடிபோகவில்லை. தை பிறக்கட்டும், பால் காய்ச்சலாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் பழையபடி கொட்டகைக்கே வந்து படுத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் மேல்பார்வைக்காரர் மார்கழி நடுவிலேயே வரப்போவதாக ஆள் அனுப்பிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரகத்தியிடம் ஓடினேன்.

"அக்கா, பூட்டு தொங்கறதப் பாத்தா அந்த மனுசன் இன்னா எழுதுவாரு? எம் பொண்ணு இருமிக்கினே கெடக்குது. அடுப்ப மட்டும் பத்த வெச்சிப் பொகையக் காட்டுங்களேன்."

"அடுப்பு பத்த வெச்சா குடி போனதா ஆயிடும்டி. நாளைக்கு எவ வூட்ல எது நடந்தாலும் உன் தலையிலதான் வுழும்," என்றாள். பிறகு என் இடுப்பில் இருந்த குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் மேல் உயிர். "இரு, அழுவாத. பூட்டு தொங்கக் கூடாது, அவ்ளோதானே? ஆட்டக் கட்டலாம். மல்லாட்டயக் கொட்டலாம். அடுப்பு பத்தாம எது உள்ள போனாலும் அது குடி போனதா ஆவாது."

ஆகா, என்ன புத்தி என்று எல்லோரும் மெச்சினோம். எனக்காகத்தான் வரிசை முழுக்கச் செய்தார்கள். கூலியாக வாங்கிய நிலக்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, ஒரு வீட்டில் கொட்டினார்கள், வைக்கோலை ஒரு வீட்டில் அடைத்தார்கள், மற்றதில் எல்லாம் ஆடுகள். கதவுகள் திறந்து கிடக்க, வரிசையே கலகலவென்று இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் நான் வயிறாரக் கூழ் குடித்தேன்.

மேல்பார்வைக்காரர் வந்து முதல் வீட்டுக்குள் தலையை விட்டார். உள்ளிருந்து ஆடு தலையை நீட்டியது. அடுத்த வீட்டில் மல்லாட்டைக் குவியல். அதற்கடுத்ததில் மறுபடி ஆடு. மனிதர் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் என் புருஷனை முன்னால் தள்ளினேன்.

"மனுஷங்க எங்க?"

"கொட்டாயிலதாங்க இருக்கறோம். தை பொறந்ததும்..." என்று என் புருஷன் இழுத்தார்.

"ஆட்டுக்கு ஓட்டு வீடு, உங்களுக்கு ஓலைக் கொட்டாயா? இவங்களுக்கு வீட்ல இருக்கத் தெரியாதுன்னு அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏங்க, நீங்க மார்கழியில குடி போவீங்களா? சொல்லிட்டுப் போங்க!"

என் புருஷன் கையைப் பிடித்து இழுத்தார். மேல்பார்வைக்காரர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "நாங்க காசு போட்டுக் கட்டறோம்மா, நாள் பாக்கறோம். உங்களுக்குச் சும்மா கெடைக்குது. அதுக்கு எதுக்கு நாளு?"

திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நியாயம் பேசுகிறவரைப் போலச் சொல்லிவிட்டு ஜட்கா ஏறினார்.

தை பிறந்தது. முதல் வரிசையில் பால் பொங்கியது. இரண்டாம் வரிசைக்குப் பணம் வரவில்லை. வேறு எந்த ஊருக்கோ போய்விட்டதாம். கடைக்காலை மண் மூடிக்கொண்டு வந்தது. ஓரகத்தியிடம் நான் பேசுவதை விட்டேன். எனக்காக யோசித்தவளை என்னவென்று திட்டுவது? திட்டவும் முடியவில்லை, முகம் பார்க்கவும் முடியவில்லை. அவளும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலைப் பொழுது கொட்டகை எங்கள் மேலேயே சரிந்தது. புருஷன் தலையில் சட்டி பானை, என் இடுப்பில் குழந்தை. நனைந்துகொண்டே அவள் வாசலில் போய் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வெளியே வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். ஒற்றை அறையின் நடுவே ஒரு புடவையைக் கட்டி, யுத்த காலம் முழுக்க அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

நாங்கள் குடிபோன அன்று செவ்வாய்க்கிழமை, அஷ்டமி வேறு. ஒருவரும் நாள் பார்க்கவில்லை.