அண்ணாவின் அறையில் வளர்ந்த செடிகள்

அம்மா முதலில் வாங்கி வந்தது குரோட்டன். பன்னிரண்டாம் நாள் இலைகளின் சிவப்பு மங்கியது. மாதம் முடியுமுன் தண்டு மட்டும் நின்றது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். டியூஷன் முடிந்து வந்த அண்ணாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே என்று எவரும் சொல்லவில்லை. பொலிஸில் பதிந்த வீட்டாட்கள் பட்டியலில் அண்ணாவோடு நாங்கள் இன்னும் நாலு பேர்தான்.

ஒருநாள், தடுப்பிலிருந்து விடுதலையாகி வந்த ஓர் இளைஞர் வாசலில் நின்றபடியே பேசினார்.

"அன்ரி, உங்கட மகனை மாதிரி ஒரு குரல் பக்கத்து அறையில கேட்டது. அங்க யன்னல் இல்லை, லைட் இல்லை. பகலோ இரவோ எண்டு தெரியாது."

தேநீர் குடிக்காமலே போய்விட்டார். மறுநாள் அம்மா அண்ணாவின் அறை யன்னலுக்கு இரண்டு மடிப்பாக மண்ணிறத் தாள் ஒட்டினார். பல்பைக் கழற்றினார். கதவின் கீழ் இடுக்கில் அண்ணா இடுப்பில் கட்டும் சாரத்தைச் சுருட்டி அடைத்தார். அதன்பிறகுதான் செடிகள் வரத் தொடங்கின. அண்ணா வரும்போது அறை அழகாக இருப்பதற்கு என்று நினைத்தேன்.

காலி வீதி நடைபாதையில், களனியிலிருந்து செடி கொண்டுவந்து விற்கும் ஒருவர் இருந்தார். சிங்களவரானாலும் எங்களோடு தமிழில் பேசுவார். அம்மா ஒவ்வொரு முறையும் இருட்டில் வளரும் செடிதான் கேட்பார்.

"என்ன நோனா, வீட்டில எந்நாளும் கரண்ட் கட்டா?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "துண்டா, ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத இடத்தில எது தப்பும்?"

"இது இருட்டுத் தாங்கும்." பாம்புத்தோல் வரியோடு வாள்போல் நிமிர்ந்த இலைகள் கொண்ட தொட்டியைக் காட்டினார். "துண்டா இல்லாட்டி இதுவும் சாகும் நோனா. மெதுவாச் சாகும், அவ்வளவுதான்."

அம்மா அதை வாங்கினார்.

உள்ளே போனால் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் தடவித்தான் தண்ணீர் ஊற்றுவார். வெளியே நின்று கேட்பேன். மெல்லிய குரலில் கேள்விகள் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, ஒருவர் பதில் சொல்லி முடிக்குமளவு மௌனம் இருக்கும். பிறகு அம்மா "ஓம், ஓம்" என்பார்.

மணிப்பிளான்ட் இறப்பதற்கு முன், பல்லின் நிறத்தில் ஒரு தண்டை நீட்டி, தரையோடு ஊர்ந்து, சாரச் சுருள்வரை வந்திருந்தது. அதைக் கண்ட அன்று அம்மா சாப்பிடவில்லை. அந்தூரியம் கருகியபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்பாவின் கையில் கனடாவிலிருந்து மாமா எங்களை அங்கே கூப்பிட அனுப்பிய பத்திரங்கள் இருந்தன. மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

"கையெழுத்தை வையும். இவளையாவது காப்பாத்துவம்."

"இந்த ஒண்டை மட்டும் பார்ப்பம்," என்றார் அம்மா. "இதுவும் போச்செண்டா வாறன்."

மிஞ்சியிருந்தது அந்தப் பாம்புவரிச் செடிதான். அம்மா மீண்டும் பட்டினி கிடப்பதை நான் விரும்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவர் அண்ணாவுக்காக மனுக் கொடுக்கப் போயிருக்கும் நேரத்தில், தொட்டியைத் தூக்கிப் போய்த் துணி காயும் பல்கனியில் வைப்பேன். இரண்டு மணி நேரம் வெயில். பிறகு பழைய இடத்தில் வைத்து, சாரத்தையும் முன்போலவே அடைத்துவிடுவேன்.

நாலாவது கிழமை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா தொட்டியை முன் ஹோலுக்குத் தூக்கி வந்தார். நடுவில் ஒரு புது இலை, விரல் நீளத்துக்கு, நல்ல பச்சையில்.

"இஞ்ச பாருங்கோ," என்றார் அப்பாவிடம். "அந்த இருட்டிலயும் உயிரோட இருக்குது."

அப்பா இலையைப் பார்த்தார். பத்திரங்களை உறைக்குள் வைத்தார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ அந்தக் கதவைத் திறந்தனியே?"

"இல்லை அம்மா."

"உண்மையாவோ?"

"உண்மையா அம்மா."

அன்று அம்மா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அடி விழவில்லை என்ற நிம்மதியில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கனடாவுக்கு நாங்கள் போகவில்லை. அண்ணா வரவும் இல்லை. அம்மா என்னிடம் கேட்டது செடியைப் பற்றி அல்ல என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.