மலை வண்டியின் சாவி

பொண்டாட்டி மலைக்கு வண்டி ஓட்டிப் போய்விடக் கூடாது என்று, பேருந்தின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறாராம் மெக்கானிக். கேட் காவலாளி சொன்னதாக டயர்காரர் சொன்னார். சொன்னதும் வேறு யாரிடமோ அல்ல, அந்த மெக்கானிக்கிடமேதான்.

"டிப்போ முழுக்க இதே பேச்சுதாண்ணே. நான் நம்பல. ஆனா சாவி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

"உன் வாய்க்குத்தான்டா முதல்ல பங்க்சர் ஒட்டணும்" என்றார் மெக்கானிக். ஆனால் கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. டயர்காரர் அதையும் பார்த்துவிட்டார்.

பேருந்துகள், டிப்பர் லாரிகள், ஒரு கிரேன், வாரத்துக்கு ஒரு முறை மூச்சு முட்டி நிற்கும் ஒரு பொக்லைன் என்று அத்தனைக்கும் அந்த டிப்போவில் அவர்தான் பொறுப்பு. ஓடி வந்து நிற்கிற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மற்றவற்றைவிட ஒன்று சூடாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. பிரேக் பிடித்த பிடியை விடவில்லை, இல்லாவிட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும் அது. அதனாலேயே ஓட்டுநர்கள் அவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் என்று வைத்தால் தலைக்கனம் ஏறிவிடுமாம்.

அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு அடியில் படுக்கிறவன் அதன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் படுப்பான். அவன் அடியில் கிடக்கும்போது எவனும் தெரியாமல் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாதே! வேலை முடிந்ததும் அவனே ஓட்டுநரின் கையில் கொடுக்க வேண்டும். ஆணியில் மாட்டுவது, மேஜையில் வைப்பது எல்லாம் கிடையாது. கேட்டு வாங்க மேலாளருக்கே தயக்கம்தான்.

அவருடைய கல்யாணமே அந்த வழக்கத்தில் பிறந்ததுதான். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஓட்டுநர் ஒருத்தி ஒருநாள் நேராக அவரிடம் வந்து, "கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

"ஓட்டத் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்ப தெரிஞ்சவங்க கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். சாயங்காலம் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் விழுந்தவர் இன்னும் எழுந்தபாடில்லை.

அவளுக்கு வெகுநாளாக ஒரே ஆசை, மலைப்பாதை. டவுன் வண்டியில் நின்று நின்று ஓட்டிச் சலித்துப்போனவள். கேட்டுக் கேட்டு, கடைசியில் நாளை மறுநாள் காலை முதல் அந்த வழித்தடம் அவளுக்கு என்று ஆனது. அந்த நேரம் பார்த்துத்தான் அதற்கான பேருந்தின் பின் இடது சக்கரம் சுட்டது. கழற்றினார். பிரேக்கைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்றினார். ஓட்டிப் பார்த்ததில் குறையில்லை. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

"சாயங்காலத்துக்குள்ள வண்டி ரெடின்னு சொல்லுங்க. இல்லன்னா மலைக்கு வேற வண்டி, வேற டிரைவர்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேலாளர்.

வீட்டிலும் பேச்சு நின்றுபோயிருந்தது. காலையில் சாப்பாட்டு டப்பா மட்டும் மேஜையில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

மத்தியானம் அவர் மறுபடியும் அந்தப் பேருந்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபோது, அவள் சீருடையோடு காத்திருந்தாள்.

"இப்ப என்ன, இன்னும் காய்ச்சல் இருக்கா?"

"லேசா சுடுற மாதிரி இருக்கு."

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முன் சக்கரத்துக்குக் கூட்டிப் போய், புறங்கையை அதில் வைத்தாள். ஆயில் ஊறி வெடித்துப்போன கை.

"இது?"

"வெதுவெதுன்னு இருக்கு."

அந்தப் பக்கம் கூட்டிப் போய் இரண்டு சக்கரத்திலும் வைத்தாள். "இது?"

"அதே மாதிரிதான்."

கடைசியாகப் பின் இடது சக்கரம். நான்கும் ஒரே சூடு. அவர் கையை எடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார் மெதுவாக. "எனக்குத்தான். அந்த வளைவு, பள்ளம் எல்லாம் நெனச்சா... இங்கேன்னா சாயங்காலம் நீ வந்ததும் தொட்டுப் பார்த்துக்குவேன். அங்க யாரு பார்ப்பா?"

அவளுக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. "அடியில படுத்தவங்க பாதுகாப்பா வெளிய வரத்தாங்க அந்தச் சாவி. ஓட்டுறவளை வீட்டுல உட்கார வைக்க இல்ல."

"தெரியும்."

"அப்புறம்?"

அவர் பைக்குள் கையை விட்டார். சாவி அவர் உடம்புச் சூட்டில் சுட்டது. வாங்கியதும் அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இதுக்குத்தான் காய்ச்சல், கம்பவுண்டரே" என்றாள். தூரத்தில் டயர்காரர் பெரிதாக இருமினார்.

மறுநாள் காலை அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"மேல போனதும் போன் பண்ணு."

"சக்கரம் நின்னாத்தான் போனைத் தொடுவேன். தெரியும்ல?"

தெரியும். அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை. அதைத் தெரிந்தே, அவள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆவதற்குள் பொக்லைன் வேலையைப் பாதியில் விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அவளுக்குப் போன் போட்டார்.

"எடுக்கலையாண்ணே?" என்றார் டயர்காரர். அவர் குரலில் இந்த முறை கேலி இல்லை.

"ஓட்டிக்கிட்டிருக்கா. ஓட்டும்போது எடுக்க மாட்டா. நல்ல டிரைவர்."

சொன்னாரே தவிர, போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுகை காலியான சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.