வேலு மாமா ஓடி வந்தால்

பனிமூட்டத்துக்குள் ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்கும். ஈரச் சரளையில் வெறுங்கால் படும் அந்தச் சீரான சத்தத்துக்கு, வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்னும் வரிசை வீடுகளின் வாசல்களில் இருந்த பெண்கள் கைவேலையை அப்படியே விட்டு எழுந்து நிற்பார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாளில் எங்கள் மலைகளில் பெரியவர்கள் எவரும் காரணமின்றி ஓடுவதில்லை. ஒரு தோட்டத்தில் சாவு விழுந்தால், மலைக்கு மலை சிதறிக் கிடந்த உறவுகளுக்குப் பிணம் எடுக்குமுன் "கேதம் சொல்ல" ஓடுகிறவர் ஒருவர் இருந்தார். எங்கள் தோட்டத்துக்கு அவர் என் அம்மாவின் தம்பி வேலு மாமா. கேதம் சொல்ல வந்தவர் வாசற்படி ஏறமாட்டார், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்; முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்கு ஓடுவார்.

அதனால் மாமா சும்மா நடந்து வந்தாலும் "எமனோட ஆளு வர்றாரு" என்பார்கள். தலவாக்கலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் தோட்டத்து ஆட்களுக்கு மலையைச் சுற்றி ஓட்டப்பந்தயம் வைக்கிறார், முதலில் வருபவருக்கு ஒரு பெட்ரமாக்ஸ் விளக்கு என்று கேள்விப்பட்டதும் மாமா பெயர் கொடுத்தார். "வெளக்கு கெடக்குது. நான் ஓடி வர்றதப் பாத்து ஒரு தடவயாச்சும் சனம் சந்தோசப்படணும்க்கா" என்றார் அம்மாவிடம்.

அப்போது அம்மாவுடைய அக்காவின் புருஷனான என் பெரியப்பா நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பெரியம்மாவுக்குத் துணையாகச் சிறுமியான என்னை அவர்கள் தோட்டத்து லயத்தில் விட்டிருந்தார்கள். பந்தயம் அந்த வழியாக வருவது எங்களுக்குத் தெரியாது. மாமா மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுத் தனியாக வந்தார், அதுவே வினையாயிற்று. கூட்டமாக வந்திருந்தால் யாரும் பயந்திருக்கமாட்டார்கள்.

பெரியம்மா பாதையில் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படா தம்பி போச்சு உசுரு?"

மூச்சிரைப்பில் மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினார், பெரியம்மா அதையும் துக்கமென்றே எடுத்துக்கொண்டு மாரில் அடித்துக்கொள்ள, லயம் முழுதும் ஒப்பாரி எழுந்தது. மாமா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். வளைவில் ஆட்கள் தெரியத் தொடங்கியிருந்தார்கள். பிறகு கையை உதறிக்கொண்டு விறுவிறுவென்று படியேறி உள்ளே போய், குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து, எல்லோரும் பார்க்க வாசலில் நின்று மடமடவென்று குடித்தார்.

ஒப்பாரி அப்படியே நின்றது.

"மச்சானுக்கு ஒண்ணுமில்லக்கா. இது ரேஸு."

"ஒனக்கெல்லாம் எதுக்குடா பாவி ரேஸு?" என்று பெரியம்மா அவர் முதுகில் ஓர் அறை வைத்தார்.

அதற்குள் மூன்று பேர் எங்களைக் கடந்து போயிருந்தார்கள். மாமா செம்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கண்ணைத் துடைக்காமலே பெண்கள் சிரித்தார்கள். "ஓடு தம்பி, வெளக்கு முன்னால போவுது பாரு" என்றாள் ஒருத்தி. விளக்கு போயே போய்விட்டது. ஆனால் மாமா ஓடிப்போன பாதையைப் பார்த்து ஒரு லயமே சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது கேதம் சொல்ல எவரும் ஓடுவதில்லை. போன மாதம் மாமா இறந்த செய்தி, ஹட்டனில் நான் அடுப்படியில் நின்றபோது தொலைபேசியில் வந்தது; சொன்னவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. என் மகள் பாடசாலையின் நெடுந்தூர ஓட்டத்துக்காகக் காலையில் தோழிகளோடு பயிற்சிக்குப் போகிறாள். அவர்களை முந்தி அவள் தனியாக ஓடி வருவதைக் கண்டால் கைவேலையை அப்படியே விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். "என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு ஓட்டம் என்றால் ஓட்டம் மட்டும்தான். அது அப்படியே இருக்கட்டும் என்று, "யாருக்கு என்னாச்சு?" என வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, "இன்னைக்கு யார முந்துன?" என்று கேட்கிறேன்.