படத்தில் விழாத கால்கள்

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் தொழிற்சாலை வாசலில் நடக்கும் ஒரு சின்னக் காரியத்துக்கு நான் இன்னும் முழுதாகப் பழகவில்லை. கம்ப்யூட்டர் சில்லுகளைச் சோதிக்கும் அறைக்குள் ஒரு தூசு போகக் கூடாது. அதனால் எல்லோரும் வெளியிலேயே செருப்பைக் கழற்றி ஓர் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு, கம்பெனி தரும் வெள்ளை பூட்ஸுக்கு மாற வேண்டும். எங்கள் மேலாளர் ஐம்பது வயதுச் சீனர். அவரும் குனிந்து தன் கறுப்பு ஷூவைக் கழற்றி, எந்த இடம் காலியோ அங்கே வைக்கிறார். பல நாள் அது என் செருப்புக்குப் பக்கத்து இடம். சிங்கப்பூர் வந்த முதல் வாரம் நான் அந்த அலமாரியைத் தொடவே இல்லை. அவர் வருவதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர் அதைக் கவனித்திருக்கிறார். நாலாம் நாள் என் லாக்கருக்கென்று ஒரு குட்டிப் பூட்டும் சாவியும் கொண்டுவந்து தந்தார். இங்கே செருப்புத் திருடர்கள் கிடையாது, ஆனாலும் உனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு வீதி இருக்கிறது என்று ஆரம்பித்தால் அவருடைய ஷிப்டே முடிந்துவிடும்.

அந்த வீதியைப் பற்றி ஊரிலிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ கேசட்டில் அதைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கும் இங்குள்ள நம்மவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னோடு அதே வரிசையில் வேலை பார்ப்பவர் சரோஜா அக்கா. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். வயது நாற்பது. வாரம் நாலு கேசட் வாடகைக்கு எடுப்பார். அவருடைய லாக்கர் கதவின் உள்பக்கம், பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் ஒட்டியிருந்தது. வெள்ளைத் தூண்கள், ஏழு படிகள், மேலே மர வேலைப்பாடு செய்த மாடம். நம் பக்கத்துப் பெரிய வீடு. ஐந்தாறு சினிமாக்களில் கதாநாயகனின் வீடாக வந்தது. அதைப் பார்த்ததும், இது எங்கள் ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்குள் போயிருக்கிறாயா என்று கேட்டார். நாலு வயதிலிருந்து போயிருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் அம்மா சாணி வழிக்கும்போது நான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அக்கா வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே கேன்டீனில் நான் ஒரு பெரிய பண்ணையின் உறவுக்காரப் பெண்ணாகிவிட்டேன். நான் மறுக்கவில்லை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டி, கோயமுத்தூரில் பாலிடெக்னிக் முடித்து, விமானம் ஏறியவள் நான். அந்தப் பெருமையைச் சொல்ல ஆசையாக இருந்தது. அதைச் சொன்னால் கொட்டகையையும் சொல்ல வேண்டும்.

சினிமா காட்டும் நம் கொங்கு நாட்டைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தை மறைக்கப் போவதில்லை. அதில் வெயில் கிடையாது. எப்போதும் அறுவடைக்கு முந்தின வாரம்தான். ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார், அறுபது பேர் கை கட்டிக் கேட்கிறார்கள். அந்த அறுபது பேருக்கும் ஊரில் வீடு இருக்கிறதா, சாயங்காலம் எங்கே போவார்கள் என்று எந்த இயக்குநருக்கும் தோன்றியதில்லை. நம் பேச்சிலுள்ள மரியாதையை வைத்து இவர்கள் பிழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா என்னையும் ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். சினிமாவில் அந்த மரியாதை கீழேயிருந்து மேலே மட்டும்தான் போகும். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் மனுசன் மனுசனாக இருந்தான் என்று பெருமூச்சு விடும் பேர்வழிகளை, அந்த அறுபது பேரில் ஒருவராக ஒரே ஒரு நாள் வெயிலில் நிறுத்திப் பார்க்க ஆசை.

அந்த அறுபது பேரில் என் அம்மா மாராத்தாளும் ஒருத்தி. நான் பாலிடெக்னிக் முடித்து, சூலூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த வருடம். முதல் மாதம் கையில் வந்ததில் அம்மாவுக்கு நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வெறும் செருப்புதானே என்று நினைக்காதீர்கள். ஊருக்குத் தெற்கே எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வளவிலிருந்து பஸ்ஸுக்கோ கடைக்கோ போவதென்றால் பெரிய வீட்டு வீதி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வீதி முனை வந்ததும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் ஹைஸ்கூல் படித்த காலத்தில்தான் பையன்கள் சிலர் அதை விட்டார்கள். பிறகு நாங்கள் விட்டோம். கடைசியாக அம்மா வயதுக்காரிகளும் ஒவ்வொருவராக, தலையைக் குனிந்துகொண்டு, செருப்போடு நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் கோயமுத்தூரில் மில் வைத்து அங்கேயே குடியேறிவிட்டதால் கேட்கவும் ஆளில்லை.

அப்போதுதான் ஷூட்டிங் வந்தது. வீட்டுக்கு முன்னால் கைகூப்பி நிற்கக் கூட்டம் வேண்டும் என்று எங்கள் வளவிலிருந்து ஆள் கூட்டிப் போனார்கள். காமிரா வழியாகப் பார்த்த உதவி இயக்குநர், கிராமத்து ஜனங்கள் மாதிரியே இல்லையே, செருப்பையெல்லாம் கழற்றுங்கள் என்றாராம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கழற்றினார்கள். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. மூன்று நாள் ஷூட்டிங். சினிமாக்காரர்கள் போன பிறகு வந்தது வினை. பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் பொன்னுச்சாமி, வீதியில் போன பெண்களைக் கூப்பிட்டு, மெட்ராசிலிருந்து வந்தவன் சொன்னால் கழற்றுவீர்கள், இந்த வீட்டுக்குக் கழற்ற மாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அதட்டிக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். பத்து வருடமாக ஒவ்வொரு அடியாக நடந்து வந்ததை மூன்று நாளில் பின்னோக்கி நடந்தார்கள். பையன்கள் மசியவில்லை. அம்மாவும் அவள் தோழிகளும் மறுபடியும் பையைக் கக்கத்தில் இடுக்கினார்கள். யாருக்காக? உள்ளே ஆளே இல்லாத வீட்டுக்காக. அடுத்த ஷூட்டிங் வரும்வரை வௌவால்கள் குடியிருக்கும் வீட்டுக்காக.

சிங்கப்பூரிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், செருப்புப் போட்டு நடக்கிறாயா என்று கேட்பேன். பக்கத்து வீட்டுப் பெண் கையெழுத்தில், போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன் என்று பதில் வரும்.

போன டிசம்பரில் நான் ஊருக்குக் கிளம்பியபோது சரோஜா அக்காவும் அவர் கணவரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். கோயிலுக்கு அல்ல, ஷூட்டிங் நடந்த இடங்களைப் பார்க்க. கோயமுத்தூரில் ஒரு வேன் பிடித்தோம். டிரைவரிடம் இதற்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. கதாநாயகி ஓடி வரும் வாய்க்கால் மேடு, தீர்ப்புச் சொல்லும் ஆலமரம், வில்லன் விழுந்த மதகு. அக்கா மேட்டில் ஓடினார். அவர் கணவர் கழுத்தில் காமிராவோடு பின்னால் ஓடினார். மரத்தடியில் அக்கா ஏமாந்து போனார், மேடையைக் காணவில்லை. அது அட்டையில் செய்ததுங்கம்மணி, அப்பவே பிரிச்சுக் கொண்டுபோயிட்டாங்க என்றார் டிரைவர். அதற்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேடை இருந்த இடமாம். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெரிய வீட்டுக்குப் போகும் முன் வேனை எங்கள் வளவுக்குத் திருப்பச் சொன்னேன். கேன்டீன் பொய்யை வாயால் திருத்த எனக்கு வரவில்லை. ஓட்டு வீட்டையும் அம்மாவையும் பார்த்தால் தானாகப் புரியும் என்று நினைத்தேன். அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு, பெரிய குடும்பத்துக்காரங்க எவ்வளவு சிம்பிளா இருக்காங்க லா என்று தன் சிங்கப்பூர்ப் பேச்சில் கணவரிடம் சொன்னார். கேசட்டில் கண்ட கிராமத்தில் எல்லோரும் சொந்தம்தானே. உள்ளே போய்ப் பரணைப் பார்த்தேன். நான் அனுப்பிய இரண்டு ஜோடிச் செருப்பும் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் இருந்தன. பழைய நீல வார்ச் செருப்பு மட்டும் தேய்ந்திருந்தது. அது வளவுக்குள் நடக்க.

“இன்னைக்கு இதைப் போட்டுட்டு வரோணும். இல்லாட்டி நீ வரவே வேண்டாம்” என்றேன்.

அம்மா புதுச் செருப்பு ஜோடி ஒன்றைப் பைக்குள் போட்டு, பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

பெரிய வீட்டு வாசலில் பொன்னுச்சாமி நின்றிருந்தார். வேனைக் கண்டால் அவர் வந்துவிடுவார். வாங்கம்மணி, வாங்க என்று அக்காவையும் அவர் கணவரையும் கும்பிட்டார். அக்கா படிக்குக் கீழே ஷூவைக் கழற்றி, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் பொன்னுச்சாமி எங்களைப் பார்த்தார்.

“ஏ மாராத்தா, நீயும் புள்ளையும் பொறத்தால வந்துருங்க.”

“உங்களுக்குன்னு தனி வாசலா?” என்று அக்கா என்னைக் கேட்டார். அவர் குரலில் பொறாமை இருந்தது. சத்தியமாகப் பொறாமைதான்.

நான் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அக்காவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அம்மா படத்தில் நின்ற அதே இடத்தில் அம்மாவை நிற்க வைத்து, வீடு முழுவதும் தெரிய ஒரு போட்டோ. கேசட்டை நிறுத்தி நிறுத்தி மூன்றாம் வரிசையில் அம்மாவைக் கண்டுபிடித்தவள் நானே. அக்காவுக்குக் காட்டியவளும் நானே. பண்ணை வீட்டம்மா ஆசைக்குக் கூட்டத்தில் நின்று நடித்ததாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா வீதியில் வந்து நின்றாள். அக்கா ஆசையாகச் சொன்னார்.

“அப்படியேம்மா. வெறுங்காலா, கையக் கும்பிட்டு. படத்துல மாதிரியே நில்லுங்க.”

அம்மா அக்காவைப் பார்த்தாள். பொன்னுச்சாமியைப் பார்த்தாள். பிறகு வீதியில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தாள்.

“டைரட்டரு வந்திருக்காருங்களா?”

“இல்லைம்மா, நாங்க மட்டும்தான்” என்றார் அக்கா.

“அப்பச் செரிங்க” என்று சொல்லிவிட்டு, அம்மா கக்கத்திலிருந்த பையை எடுத்தாள். செருப்பைத் தரையில் வைத்தாள். வலது காலையும் இடது காலையும் நுழைத்தாள். கை கூப்பவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பொன்னுச்சாமி வேட்டி முனையைப் பிடித்தபடி நின்றாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் என்ன சொல்ல முடியும்? காமிரா சொடுக்கியது. வாழ்நாளில் நான் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு நொடிக்கு எதுவும் ஈடில்லை.

அதன்பின் அக்காவும் கணவரும் படியேறி உள்ளே போனார்கள். நான் முன்வாசல் வழியாகப் போவதில்லை, பின்வாசல் வழியாகவும் போவதில்லை என்று முடிவுசெய்து, அம்மாவோடு வளவுக்கு நடந்தேன். பத்தடி போயிருப்போம். அம்மா நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதுதானே போட்டாய், அதற்குள் என்ன என்று கேட்டேன்.

“நீங்க ஞாயித்துக்கெழம பிளேனேறிப் போயிருவீங்க கண்ணு. பொன்னுச்சாமி இங்கயேதான் இருப்பான். நானும் இங்கயேதான இருக்கோணும்?”

  அவள் மண்ணில் வெறுங்காலோடு நடந்தாள். நான் பக்கத்தில் சிங்கப்பூர்ச் செருப்போடு நடந்தேன்.

திரும்பி வந்த மூன்றாம் வாரம் சரோஜா அக்கா படங்களைக் கழுவிக் கொண்டுவந்தார். அவருடைய லாக்கர் கதவில் இப்போது பத்திரிகைப் படம் இல்லை. இந்தப் படம்தான் இருக்கிறது. வீடு அற்புதமாக விழுந்திருக்கிறது. ஏழு படிகளும் தூண்களும் மாடமும் உச்சி ஓடு வரைக்கும். அந்த உச்சி ஓட்டைப் பிடிப்பதற்காக அக்காவின் கணவர் காமிராவைத் தூக்கியிருக்கிறார். அம்மா முழங்காலோடு முடிந்துவிட்டாள். பார்ப்பவர்கள் எல்லோரும், பாவம், வெறுங்காலோடு நிற்கிறார்களா என்று கேட்கிறார்கள். அக்கா ஆமாம் என்கிறார். அவர் நேரில் பார்த்தவர். ஆனாலும் ஆமாம் என்கிறார்.

ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்பதுபோல நாலு பக்கம் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில் பதில் வந்தது. போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களாம். பொன்னுச்சாமிகூட வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாராம். கால் விழாமல் போனது நல்லதாகப் போயிற்று கண்ணு, இல்லாவிட்டால் வீட்டில் மாட்ட முடியாது என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

இன்று காலையும் மேலாளர் குனிந்து தன் ஷூவைக் கழற்றி, என் செருப்புக்கென்று நான் பார்த்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். குட் மார்னிங் என்றார். நானும் சொன்னேன். நிமிர்ந்தபடியேதான் சொன்னேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அலமாரியின் அந்தக் காலியிடம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. யாரும் சொல்லாமலே என் கை செருப்பைக் கக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தது.