நாய்க்காகச் செய்த ஜெபம்

என் மனைவியின் தம்பி எங்கள் சபையில் டீக்கன், கோயில் காரியங்களைக் கவனிக்கும் ஊழியன். அவனைச் சீண்டுவது அந்தக் காலத்தில் எனக்குச் சோற்றுக்குத் தொடுகறி போல. அந்த ருசிக்காக ஒரு நாயை வதைத்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மயிலாடியில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஊரில் யாரைக் கண்டாலும் வாலாட்டும், மைத்துனனைக் கண்டால் மட்டும் குரைக்கும். நான்தான் பழக்கினேன். வயதான பிறகு அதன் கழுத்தில் கட்டி வந்தது. கட்டி பெருத்து, கஞ்சிகூட இறங்காமல் ஆயிற்று. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த நண்பர் வந்து பார்த்தார்.

"இனி மருந்து இல்ல சார். திங்கக்கெழம குளோரோபாரம் கொண்டு வாறேன். தூங்குத மாதிரிப் போயிரும்."

நானும் மனைவியும் சம்மதித்தோம்.

ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். யார் யாருக்குச் சுகமில்லை என்று மைத்துனன் வழக்கம்போலக் கேட்டான்.

"நம்ம நாயையும் சேத்துக்கோ" என்றேன்.

"நாய்க்கு ஜெபமா? என்ன வெளயாட்டு அத்தான்?"

"பேழையில நோவா மிருகங்களயும்லா ஏத்துனாரு? டீக்கன ஏத்துனதா எங்கயாவது எழுதியிருக்கா, பாரு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் மறுத்துவிட்டதால் நானே முழங்காலிட்டேன். கழுத்து, வால், குரைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, உபதேசியார் குரலில் உருகி வேண்டினேன். பாதிப் பேருக்குச் சிரிப்பில் ஆமென் வரவில்லை.

மறுநாள் காலை நாய் எழுந்து சாளை மீன் சாற்றை நக்கிக் குடித்தது! தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பாட்டிலோடு வந்த கம்பவுண்டரை, "விசுவாசம் இல்லாதவரே, போயிட்டு வாரும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே நாய் படுத்துவிட்டது. பிறகு எழவில்லை. மனைவி துணியை நனைத்து வாயில் பிழிந்தாள். தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்தது. கட்டி உடைந்து சீழ் வடிந்தது.

"கம்பவுண்டருக்கு ஆளனுப்புங்க."

"ஞாயித்துக்கெழம ஆராதன கழியட்டு."

"அதுவர எதுக்கு?"

"உன் தம்பி சிரிப்பான்லா."

அவள் துணியை மறுபடி நனைத்தாள்.

ஞாயிறு, கோயில் வாசலில் மைத்துனன் கேட்டான்: "நாய் எப்படி அத்தான் இருக்கு?"

"உன்னவிட தெடமா இருக்கு."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். மத்தியானம் அவளே தம்பி வீட்டுக்குப் போய் நாய் சாகக் கிடப்பதைச் சொல்லிவிட்டாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கம்பவுண்டரைக் கூட்டி வந்தான். அவன் சிரிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, நாற்றமெடுத்த அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்துக் குரைக்க நாய்க்குத் தெம்பில்லை. கம்பவுண்டர் பஞ்சில் மருந்தை ஊற்றினார்.

"எப்ப இருந்து இப்பிடிக் கெடக்கு?" என்று மைத்துனன் கேட்டான்.

"நேத்து ராத்திரி இருந்துதான்" என்றேன்.

"திங்கக்கெழம சாயந்தரம் இருந்து" என்றாள் மனைவி.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நாயின் காதைத் தடவி, "கொஞ்சம் பொறு மக்கா, இப்பம் முடிஞ்சிரும்" என்றான்.