எண்பதிலிருந்து எட்டுக்கு

என் மாமியாருக்கு முக்கூடலில் வாழைத்தோட்டம். வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டார் அறைக்குக் கால் மணி நேர நடை. அவருக்கோ முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. அதனால் போனில் கூப்பிட்டாலே மோட்டார் ஓடும்படி ஒரு கருவி செய்து மாட்டிவிட்டு வந்தேன். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு.

முதல் நாள் மத்தியானமே போன் வந்தது.

“ஏட்டி, மோட்டாரப் போடலாம்னு கூப்பிட்டா, ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு ஒங் குரல்லயே அதட்டுது. எங் கெணறு, எம் மோட்டாரு, எனக்கே அனுமதி இல்லையா?”

ஆமாம், அந்தக் குரல் என்னுடையதுதான். பதிவு செய்யும்போது கொஞ்சம் விறைப்பாகவே பேசிவிட்டேன்.

அனுமதி பெற்ற போன் எண் கருவிக்குள் ஃபிளாஷ் என்கிற ஒரு நினைவகச் சிப்பில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் டிரைவர் நிரலும் என் கைவேலைதான். எவ்வளவு வேகத்தில் படிக்க வேண்டும் என்று அதில் ஒரு கிளாக் எண்ணைப் போட வேண்டும். எண்பது மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று சிப்போடு வந்த தாளில் இருந்தது. போட்டேன் எண்பதை. என் ஏசி அறையில் ஜம்மென்று ஓடியது. மோட்டார் அறையின் தகரக் கூரைக்கடியில், உச்சி வெயிலில், சிப்புக்கு நான் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்திருந்த வயரில், அந்த வேகத்துக்கு எண்கள் தப்பும் தவறுமாக வந்தன. மாமியாரைக் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டாம் நாளே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எண்பதில் ஓடக்கூடிய சிப்பை எட்டில் ஓட்டுவதா? மானம் போகாதா? டவர் சரியில்லை என்றேன். கரண்ட் சரியில்லை என்றேன். “நம்பரச் சரியா அழுத்துனீங்களா அத்த?” என்றுகூடக் கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு! அவர் போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். வாழை காயக் கூடாதே.

ஐந்தாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், மோட்டார் அறையிலேயே உட்கார்ந்து எண்பதை எட்டாக்கினேன். பக்கத்தில் நின்ற மாமியார் போன் போட்டார். மோட்டார் ஓடியது, வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

“என்னட்டி செஞ்ச?”

“வேகத்தக் கொறச்சேன் அத்த.”

“ஒரு நம்பரப் படிக்க எம்புட்டு வேகம் வேணும்?”

“இதுவே அதிகம்.”

“பொறவு எதுக்கு அம்புட்டு வச்ச?”

“சும்மா... ஒரு பெருமைக்கு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவரோடு வீட்டுக்கு நடந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. வரப்பில் மூன்று இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு நாளும் இப்படித்தான் போய் வந்திருப்பார் என்று நினைத்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது தடவை உட்கார்ந்தவர் என் பக்கம் கையை நீட்டினார்.

“தூக்கி விடுட்டி, பெருமைக்காரி.”